ஒரே நாளில் பிறந்தவர்கள்

கடலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் கொண்டுவந்த பெண், கலையரசியிடம் குனிந்து கேட்டாள்: "அம்மாவுக்கு வைக்கலாமாக்கா? சுகர் இருக்கா?"

அம்மா என்று அவள் காட்டியது எழிலரசியை. இருவரும் இரட்டையர்கள்; எழிலரசி சில நிமிஷம் மூத்தவள். பெற்றவளே ஒரு காலத்தில் பேர் மாற்றிக் கூப்பிட்ட முகங்கள். கலையரசி சிரித்தாள். எழிலரசிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம். ஞாபகம் வந்தால் மாத்திரை, இல்லையென்றால் இல்லை. கலையரசி மட்டும் எப்போது கேட்டாலும், "எனக்கு அதெல்லாம் இல்லக்கா" என்பாள். தோல் அப்படியே, நடை அப்படியே. இவள் என்னவோ செய்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள் என்ற எண்ணம் எழிலரசியைக் குடைந்தது.

லீவு போட்டுவிட்டுச் சிதம்பரத்துக்குப் போனாள். கீழ வீதிப் பக்கம் தங்கை வீடு. தங்கியிருந்தபோது ஒன்றைக் கவனித்தாள். சாப்பாட்டுக்கு முன் கலையரசி ஃப்ரிட்ஜைத் திறப்பாள், உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போடுவாள்.

கலையரசி நடைக்குப் போன காலையில் எழிலரசி ஃப்ரிட்ஜைத் துழாவினாள். பூப்பொட்டலத்துக்கு அடியில் ஒரு டப்பா. உள்ளே பேனா மாதிரி இன்சுலின் ஊசி. அவளுக்குத் தெரியாததா? கடலூர் டாக்டர் இதையே காட்டியபோது, "ஊசிக்கு வந்துட்டா அவ்ளோதான்" என்று எழுந்து வந்தவள் அவள்.

கலையரசி திரும்பியதும் டப்பாவை முன்னால் வைத்தாள்.

"எவ்ளோ நாளாடி?"

"உனக்கு முன்னாடியே வந்துட்டுது."

"ஏன் மறைச்ச?"

"ரேகாவுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தோம். அம்மாவுக்கு ஊசின்னா பொண்ணு எடுப்பாங்களா?"

"அவளுக்குக் கல்யாணமாயி எத்தினி வருஷம் ஆச்சு?"

கலையரசி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "படிப்பு, வேலை, எல்லாத்துலயும் நீதான் முந்தி. நீ என்னைப் பாத்து ஏங்குறது நல்லா இருந்துச்சுக்கா."

எழிலரசி டப்பாவை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள். தங்கை வற்புறுத்தியதால் அவளோடு அவளுடைய டாக்டர் ஜான்சியைப் பார்க்கப் போனாள். அங்கும் நம்பிக்கையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ரத்தத்துல சர்க்கரை ஜாஸ்தியாவே இருந்தா, உடம்புல இருக்கற செல்லெல்லாம் வயசுக்கு முன்னாடியே கிழடாயிடும்மா" என்றார் டாக்டர். "கிழடான செல்லு சும்மாவும் இருக்காது. பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும். கட்டுப்பாட்டுல வச்சா அந்த வேகத்தக் குறைக்கலாம்."

"அப்ப என் உடம்புக்கு என்ன வயசு?"

"முகத்தப் பாத்துச் சொல்ல முடியாது. கண்ணையும் காலையும் பாக்கலாம். கண்ண மூடிக்குங்க. பாதத்துல தொடும்போது சொல்லுங்க."

எழிலரசி கண்ணை மூடிக் காத்திருந்தாள். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"எப்பத் தொடப் போறீங்க?"

கண்ணைத் திறந்தாள். கலையரசி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"தொட்டாச்சும்மா" என்றார் டாக்டர்.

ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதித்துவிட்டுத்தான் எழுந்தாள். பஸ் ஸ்டாண்டில் தங்கை கையைப் பிடித்தபோது விலக்கவும் இல்லை, இறுக்கிக்கொள்ளவும் இல்லை.

"ரேகாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போன் போடு. அவளும் டெஸ்ட் எடுக்கட்டும்."

"வீட்டுக்குப் போயி சொல்றேன்க்கா."

"இப்பவே."

கலையரசி போனை எடுத்தாள். எழிலரசி ஏற வேண்டிய கடலூர் பஸ் கிளம்பிப் போனது. மறுமுனையில் ரேகாவின் குரல் கேட்கும்வரை எழிலரசி தங்கையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.