ஏழாம் வாசலில் வெள்ளைப் பன்றி

தோய்ரோவுக்குப் பொய் சொல்ல வராது. கடைசியில் அதுவே அவனுக்கு வினையாக வந்து நின்றது.

காட்டுக்குள் போய்விட்டு வந்தவன், சபையின் முன்னால் வெறுங்காலோடு நின்று முதல் ஆறு வாசல்களைப் பாட்டில் உள்ளபடி ஒப்பித்தான். ஏழாவதுக்கு வந்ததும் தலையைச் சொறிந்தான்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு மரம், நடுவுல வெட்டவெளி. பன்றியும் இல்ல, பன்றியோட காலடியும் இல்ல. அடையாளம் தெரியலேன்னா மேல போகக் கூடாதுங்கறதால திரும்பிட்டேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சபைத் தலைவி விம்பியா சிரிக்கவில்லை. எண்பது வயது, பல் நாலுதான் மிச்சம். ஆனாலும் அவள் நிமிர்ந்து பார்த்தால் போர்த்தலைவர்கள்கூடக் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

"அடியேகா, பாட்டு உன் தலைக்குள்ளதான இருக்கு. இவன் சொல்றது பொருந்துதா?"

பாட்டுக்காரி அடியேகா எச்சிலை விழுங்கினாள். "பாட்டுல அப்படி இல்லம்மா" என்றாள்.

அவ்வளவுதான், தோய்ரோவின் கதை முடிந்தது. பாட்டைப் பொய்யாக்கியவனுக்கு என்ன தண்டனை என்பது கார்னூட் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அவனைப் பலிப் பந்தியிலிருந்து விலக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவனோடு யாரும் பேசமாட்டார்கள், அவன் வீட்டு அடுப்புக்கு யாரும் நெருப்புத் தரமாட்டார்கள், அவன் வழக்கு எந்தச் சபையிலும் ஏறாது. அவனுக்கு மனைவியும் இரண்டு பெண்குழந்தைகளும் இருந்தார்கள். பிறை ஆறாம் நாள் தீர்ப்பு என்றாள் விம்பியா. அதற்கு மூன்று நாள் இருந்தது.

வெளியில் இருப்பவர்கள் இந்தப் பூசாரிகளைத் துருயிதர் என்பார்கள், பயத்தோடு. இவர்கள் தங்களைச் சபை என்று மட்டும் சொல்லிக்கொள்வார்கள். நியாயம் சொல்வதும் நாள் குறிப்பதும் ஊருக்குத் தெரிந்த வேலை. தெரியாத வேலை ஒன்று உண்டு. அந்த ஓக் காட்டுக்குள் ஆவிகளின் உலகம் எதுவரை போகிறது என்று தலைமுறை தலைமுறையாக அளந்துகொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் ஆளுக்கு வாசல்களின் அடிகளை மட்டும் பாட்டுக்காரி சொல்லிக்கொடுக்க, அவனை அனுப்புவார்கள். அவன் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது, காலில் செருப்பு கூடாது, வலது கை இடது சட்டைக்கைக்குள் இருக்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் எழுந்து நிற்கக் கூடாது, தரையோடு தரையாக உருண்டேதான் வெளியே வர வேண்டும்.

வந்தவன் பார்த்ததைப் பாட்டின் சொற்களில் மட்டும் சொல்ல வேண்டும். பாட்டில் இல்லாத எதைக் கண்டிருந்தாலும் அது அவனோடு சுடுகாட்டுக்குப் போக வேண்டியதுதான். கூட்டிச் சொல்பவன் நாளைக்கு மாற்றியும் சொல்வான் என்பது சபையின் கணக்கு. எழுதி வைக்கும் பழக்கமும் கிடையாது. எழுத்தெல்லாம் தெற்கிலிருந்து வரும் மது வியாபாரிகளுக்கு. முந்நூற்றுப் பன்னிரண்டு அடியும் ஒரு நேரத்தில் ஒருவர் தலையில்தான் இருக்கும். அந்த ஒருவர் சாகும் தறுவாயில் இன்னொருவருக்குப் போகும்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அப்படி அடியேகாவுக்கு வந்தது. முதல் தடவையாகச் சபை முன் நின்று பாடினாள். காய்ச்சல் வேறு. ஆறு வாசலையும் தண்ணீராகக் கொட்டியவளுக்கு ஏழாவது வாசலில் மண்டை காலியாகிவிட்டது. பழைய பாட்டுக்காரர் அன்று காலைதான் இறந்திருந்தார், எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நொடியில் அவள் வாய் தானாகவே ஒன்றைச் சொன்னது.

*ஏழாம் வாசலில் ஈரக் காலோடு
வெள்ளைப் பன்றி விழித்து நிற்கும்.*

அது அவளுடைய சின்ன வயசுப் பன்றி. லீகர் ஆற்றின் கடைக்கோடியில் அவள் அப்பா வீட்டில் வளர்ந்தது, வெள்ளத்தில் போனது. வெள்ளம் முற்றத்துக்கு வந்தபோது அது தண்ணீரில் நின்று அவளையே பார்த்தது. ஏழு வயதுக்காரி எத்தனை அழுதும் யாரும் இறங்கவில்லை. அதன் இடது காதில் பாதியை நாய் கடித்துத் தின்றிருந்தது. அரைக்காதையும் சேர்த்துத்தான் சொல்ல நினைத்தாள், சந்தத்துக்கு இடித்தது, விட்டுவிட்டாள்.

பழைய ஏழாம் வாசலை அறிந்தவர் வேறு யாரும் அன்று உயிரோடு இல்லை, சபை தலையாட்டியது. அன்று ஒப்புக்கொள்ளப் பயந்தாள், மறுநாள் வெட்கப்பட்டாள், அப்புறம் அதுவே பழகிவிட்டது. அதன் பிறகு மூன்று பேர் போய்விட்டு வந்து, ஏழாம் வாசலில் வெள்ளைப் பன்றியைக் கண்டேன் என்றார்கள். மூன்று பேரும் புளுகுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதிலும் பதினோரு வருஷத்துக்கு முன் போய்வந்த மத்துகெனோ இருக்கிறாரே, தொப்பையும் தோரணையுமாக, எட்டாம் வாசல்வரை போன ஆள் நான் என்று விருந்துக்கு விருந்து மீசையைத் தடவுவார். பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்ற இருவரும் செத்துப்போனார்கள்.

தோய்ரோவை ஓலைக் குடிசை ஒன்றில் காவலில் வைத்திருந்தார்கள். தீர்ப்புக்கு முந்தின நாள் மாலை வாற்கோதுமை ரொட்டியும் உப்புக்கண்டமும் எடுத்துக்கொண்டு போனாள் அடியேகா.

"வாங்கக்கா. கடைசி விருந்தா?"

"வாயைக் கழுவு. நான் சொல்றதைக் கேளு. இன்னொரு தடவை விம்பியாம்மாகிட்ட போயி, பாத்தேன்னு சொல்லிடு. பயத்துல உளறிட்டேன்னு சொல்லு."

"நல்லா இருக்கே. பாட்டுக்காரியே பொய் சொல்லக் கத்துக் குடுக்குறீங்க."

"உன் பொண்ணுங்களை நினைச்சுப் பாருடா."

அவன் ரொட்டியைப் பிட்டான். "அதைத்தான் மூணு நாளா நினைக்குறேன். ஆனா அந்த இடத்துல நின்னவனுக்குப் பொய் வராதுக்கா. அங்க ஒண்ணும் இல்ல, ஆனா அந்த ஒண்ணுமில்லாதது... எப்படிச் சொல்றது, விடுங்க, கூட்டிச் சொல்லக் கூடாது. பாட்டு தப்பா இருக்காது. நீங்க சொல்லிக்குடுத்ததாச்சே. என் கண்ணுதான் அவிஞ்சு போயிருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தை அவளை அறுத்தது. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. அப்போதே விம்பியாவிடம் ஓடிப் போய் உண்மையைக் கொட்டியிருக்க வேண்டும், நியாயமான மனுஷி அதைத்தான் செய்வாள். அடியேகா பேரம் பேசினாள். ஒருவேளை பன்றி நிஜமாகவே அங்கே இருந்தால்? அப்போது நான் பொய்க்காரி இல்லையே. இல்லாவிட்டால் வந்து சொல்லிவிடுகிறேன். பாட்டுக்காரி காட்டுக்குள் கால் வைக்கவே கூடாது, பார்த்தது பாட்டோடு கலந்துவிடும் என்பது விதி. ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு. தீர்ப்பு நாளன்று விடிந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தாள்.

பத்தொன்பது ஆண்டாகப் பாடிய வழி. ஆனால் பாடுவது வேறு, நடப்பது வேறு என்று முதல் வாசலிலேயே தெரிந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே நுழைந்தாள். வெயில் முதுகில்தான் இருந்தது, முன்னால் நிழலைக் காணோம். அது வாசலுக்கு வெளியிலேயே தங்கிவிட்டது. பாட்டில் இருப்பதுதான், *நிழலை விட்டு நீ மட்டும் வா*. ஆனாலும் அவள் ஒருமுறை திரும்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.

மூன்றாம் வாசலில் ஆயிரம் பறவைகள் கத்தின. ஒரு கிளையிலும் ஒரு பறவை இல்லை. ஐந்தாம் வாசலில் மழை பெய்தது. இலை நனையவில்லை, அவளும் நனையவில்லை, சத்தம் மட்டும் பெய்தது. கூர்ந்து கேட்டபோது அந்தச் சத்தம் பேர்களாக இருந்தது, யார் யாருடையவோ பேர்கள், நிதானமாக, ஒன்றையும் விடாமல். அவள் அப்பாவின் பேரும் அதில் வந்து போனது. அவளுக்குக் கண் கலங்கியது, ஆனால் பயமாக இல்லை. இத்தனை பெரிய ஒன்றை வாயில் வைத்துக்கொண்டா சோறு தின்றோம், சண்டை போட்டோம் என்றுதான் தோன்றியது.

ஏழாம் வாசலுக்கு வந்தபோது உச்சிவேளை. இரண்டு ஓக் மரங்கள். நடுவே வெட்டவெளி. பன்றி இல்லை.

சரி, தோய்ரோ சொன்னதுதான் சரி என்று நின்றாள். நின்றவள் மெல்ல மெல்ல ஒன்றை உணர்ந்தாள். யாரும் இல்லாத அந்த வெளி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபமாக அல்ல, அன்பாகவும் அல்ல. கால் நகத்திலிருந்து தலைமயிர்வரை, பிறந்த நாளிலிருந்து இன்றுவரை, ஒரு பானையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தது. அப்போது பத்தொன்பது ஆண்டுகளாக வராத அடி, கூப்பிடாமலே நாக்கில் வந்து உட்கார்ந்தது.

*ஏழாம் வாசலில் எவரும் இல்லை;
இல்லாத அதுவே உன்னைப் பார்க்கும்.*

அடப்பாவி, இவ்வளவுதானா! அவள் வாய்விட்டு அழுதாள். தோய்ரோ பழைய பாட்டை அப்படியே கண்டு வந்திருக்கிறான், அவன் கண் அவிந்து போகவில்லை. இனிப் பேரத்துக்கு இடமில்லை, போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அது நின்றுகொண்டிருந்தது.

வெள்ளைவெளேரென்று, ஓர் எட்டு எடுத்து வைத்தால் தொட்டுவிடும் தூரத்தில். கால் நான்கிலிருந்தும் தண்ணீர் சொட்டி, காய்ந்த சருகு கறுத்துக்கொண்டிருந்தது. அவளையே பார்த்தது. இடது காதில் பாதி இல்லை.

யாரிடமும் சொல்லாத காது. அம்மாவுக்குப் பிறகு இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த காது. அவள் முகம் குப்புற மண்ணில் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து அதன் மூச்சுக் கேட்டது, சேறும் பழைய வீட்டு முற்றமும் மணத்தன. மனதுக்குள் தாங்க முடியாத ஒரு சந்தோஷம். பொய்யென்று அவள் பத்தொன்பது ஆண்டு வெட்கப்பட்டதைக் காடு எடுத்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. தலை தூக்கியபோது சருகில் ஈரம் மட்டும் இருந்தது.

விழுந்தவள் எழக் கூடாது. வேர்களும் கற்களும் முள்ளுமாக ஏழு வாசலும் உருண்டே வந்தாள். காட்டின் விளிம்பில் சபை தீர்ப்புக்குக் கூடியிருந்தது. மண்ணும் இரத்தமுமாக அவர்கள் காலடியில் வந்து விழுந்தாள். நல்லவேளை, எங்கே போனாய் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

விம்பியா குனிந்து பார்த்தாள். "பாட்டுக்காரிக்குக் காட்டுல என்ன வேலை?"

அடியேகா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சலை, மறந்த அடியை, தானாகக் கட்டிய அடியை. நாக்கில் வந்த பழைய அடியையும் பாடினாள். பாடும்போதே தோய்ரோவின் வாய் திறந்தபடி நின்றது. "அதான்! அதேதான்!" என்று கத்திவிட்டான்.

"பொய்!" மத்துகெனோ எழுந்தார். முகம் செக்கச்சிவந்து, தொப்பை குலுங்கியது. "பன்றி இருக்கு! நான் பாத்தேன்! இந்தக் கண்ணால பாத்தேன்!"

சபை கொல்லென்று சிரித்தது. "கட்டிவிட்ட பன்றியப் பாத்தாராம்" என்று யாரோ உறுமிக்கூடக் காட்டினார்கள். அவர் விரல் அவரை அறியாமல் எதையோ சொல்ல மேலே எழும்பியது. பிறகு, கூட்டிச் சொல்லக் கூடாது என்பது ஞாபகம் வந்தவர்போலக் கையைக் கீழே போட்டார்.

விம்பியா கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினாள். "அடியேகா, கடைசியா ஒண்ணு கேக்கறேன். நீ நின்னப்ப அங்க பன்றி இருந்துச்சா?"

இருந்தது என்று சொன்னால் மத்துகெனோவின் மானம் பிழைக்கும். அவளும் வெறும் பொய்க்காரி ஆகமாட்டாள், காடே ஏற்றுக்கொண்ட பாட்டுக்காரி ஆவாள். ஆனால் சபைக்கு ஒரு வாசலுக்கு ஓர் அடையாளம்தான். பன்றி நிஜமென்றால் தோய்ரோ மறுபடி பொய்யன். கூட்டத்தின் ஓரத்தில் அவன் மனைவி ஒரு குழந்தையை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தன் வாழ்நாளிலேயே மிகப் பெரியதை அடியேகா மென்று விழுங்கினாள்.

"ஏழாம் வாசலில் எவரும் இல்லை" என்றாள். மத்துகெனோவை அவளால் பார்க்க முடியவில்லை.

தோய்ரோவை விட்டார்கள். அவளை விலக்கினார்கள். பாட்டு புதிய ஆளின் தலைக்குப் போகும்வரை, ஒரு மாதம், திரைக்குப் பின்னாலிருந்து அவள் பாட, முகம் தெரியாத ஒருவர் கேட்டுக்கொண்டார். பிறகு அதுவும் இல்லை. ஆற்றோரத்தில் ஒரு கொட்டகை. நெருப்பைத் தானே கடைந்து எடுத்தாள். எதிரே வருகிறவர்கள் வரப்பை விட்டு இறங்கிப் போனார்கள். தோய்ரோ வாரத்துக்கு ஒரு தடவை, யாரோ தவறவிட்டதுபோல் ஒரு மூட்டைத் தானியத்தைப் பாதையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள். மத்துகெனோவைத் தெருவில் கண்டால் பிள்ளைகள் பன்றிபோல் உறுமுகிறார்கள் என்று காற்றுவாக்கில் கேட்டபோதுதான் தாங்கவில்லை.

ஒரு காலை அவரே வந்தார். இளைத்திருந்தார், மீசை தொங்கிப்போயிருந்தது. இருபது அடி தள்ளி நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று அவள் எழுந்து தலைகுனிந்தாள். பேசினால் அவருக்கும் விலக்கு. ஆனால் சைகை பேச்சில் சேருமா என்று எந்தச் சட்டப் பாட்டிலும் இல்லை.

மத்துகெனோ சுற்றுமுற்றும் பார்த்தார். கையைத் தூக்கித் தன் இடது காதைப் பிடித்தார். மேல்பாதியை மெல்லக் கீழே மடித்து, பாதிக் காதை மட்டும் வெளியே காட்டினார். புருவத்தை உயர்த்தி, கெஞ்சுவதுபோல் அவளைப் பார்த்தார்.

அடியேகா காட்டில் கண்ட அதே அரைக்காது. பதினோரு வருஷம் இந்த மனிதரைப் புளுகர் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறாள்.

தன் இடது காதைப் பிடித்து, அதே மாதிரி மடித்துக் காட்டினாள்.

அவர் அங்கேயே புல்லில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.