மூடியில் எழுதிய பெயர்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. அழைத்தது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். (முதல் படியில் இந்த வரி இல்லை. இரண்டாம் படியில் சேர்த்தேன், அடித்தேன், மறுபடி சேர்த்தேன்.)

என் தங்கை ஆய்வுக்கூடத்தில் எலியின் நரம்பணுக்களைத் தட்டில் வளர்க்கிறாள். வளரும் அணுவுக்குள் டி.என்.ஏ. இழை அவ்வப்போது அறுந்துபோகுமாம். அதை ஒட்டுப்போடவென்றே சில புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் அணு ஒழுங்காகக் கிளைவிடுமா என்பது அவள் கேள்வி. ஒரு தட்டில் அந்தப் புரதம் உண்டு, மற்றதில் இல்லை. மூன்று மாத முயற்சியில் பூஞ்சைக்குத் தப்பியவை இந்த இரண்டுதான்.

2

தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: 'நுண்ணோக்கியின் கீழே ஒரு காடு செழித்து' –

வேண்டாம். தங்கை படித்துவிட்டு, "காடுமில்ல மேடுமில்ல. பதினோரு கிளை. அத எழுதுண்ணா" என்றாள்.

எழுதுகிறேன். ஒரு தட்டில் அணுவுக்குச் சராசரியாகப் பதினோரு கிளை. புரதம் இல்லாத தட்டில் நான்கே நான்கு. ஆய்வுக்கூடத் தலைவிக்கு வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்றாராம்.

3

கதாநாயகிக்கு ஒரு குறை வேண்டும் என்பார்கள். தங்கை அந்த வேலையை எனக்கு மிச்சம் வைக்கவில்லை. தட்டின் பெயரை அடிப்பாகத்தில் எழுத வேண்டும் என்பது அங்கே முதல் நாள் பாடம். நுண்ணோக்கி கீழிருந்து பார்ப்பதால் அடியிலுள்ள மை பார்வையை மறைக்கிறது என்று இவள் மூடியில் எழுதுவாள்.

எண்ணுவதற்கு முந்தைய நாள், ஊட்டநீர் மாற்ற இரண்டு மூடிகளையும் கழற்றியிருந்தாள். தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்து மூடினாள். எதை எதன்மேல்? தலைவி சிரித்த பிறகுதான் இந்தக் கேள்வியே அவளுக்குத் தோன்றியது.

"சரியாத்தான் மூடியிருப்பேன்" என்று என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை குரல் இறங்கிவிட்டது.

சாயமேற்றினால் எந்தத் தட்டில் புரதம் என்று தெரிந்துவிடும். ஆனால் அதற்கு அணுக்களைக் கொல்ல வேண்டும். மூன்று மாதமும் போச்சு. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

4

முடிவுகள்:

(அ) மூடிகள் சரியாகவே இருந்தன. [வாசகர் அடிக்க வருவார்.]

(ஆ) மாறியிருந்தன. ஒட்டுப்போட ஆளில்லாத அணுதான் செழித்தது. உலகமே வியந்து – [தங்கை வெட்டச் சொன்னாள்: "வியக்கறதுக்கு முன்னாடி இன்னும் பத்துத் தட்டு போடணும்."]

(இ) இதை எழுதத் தொடங்குமுன் அவளே வந்து, தலைவிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள்.

கடிதத்தில் நான் கெட்டிக்காரன். தேதி, பொருள், நகல், எல்லாம் முறைப்படி. மூடிகள் மாறியிருக்கலாம், சாயமேற்ற அனுமதி வேண்டும் என்று எழுதி, காரணம் 'கவனச் சிதறல்' என்று முடித்தேன்.

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "யாரு சிதறடிச்சாங்கன்னு காணோமே?"

அழைத்தது நான்தான். இந்தக் கதைக்கு ஒரு விவரம் தேவைப்பட்டது: தட்டுக்கு மூடி உண்டா?

5

கடிதத்தில் அந்த வரியையும் சேர்த்தேன். அடிக்கவில்லை. தலைவி வெள்ளிக்கிழமைப் பேச்சை நிறுத்திவிட்டார். திட்டவில்லையாம், "உங்க அண்ணனுக்கு வேற வேலை இல்லையா?" என்று மட்டும் கேட்டாராம்.

இன்று சாயமேற்றுகிறார்கள். இந்நேரம் தெரிந்திருக்கும். ஆனால் கேட்பதற்கு நான் அவளை அழைக்க வேண்டும். வேலை நேரத்தில் அழைப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

கதையை அனுப்பியாக வேண்டும். இரண்டு மூடிகளையும் உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். மூடுமுன் அடியில் பெயரை எழுதிவிடுங்கள்.