பாதிப் பாட்டின் அட்டைகள்

தாமல் ஏரிக்கு அப்பால் ஒரு பழைய விமான ஓடுதளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது போட்டது. இப்போது அதில் நெல் காயவைக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே நெல் இல்லை. கிராமபோன்களும், சாவி கொடுத்தால் பாடும் பெட்டிகளும் வெயிலில் வரிசையாக நின்றன. பல ஊர்களிலிருந்து அவற்றின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அத்தனை பெரிய வெட்டவெளியில் எந்தப் பாட்டும் பத்தடி தாண்டவில்லை.

நான் எங்கள் தெரு ஜோஹராவோடு, அவள் பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். காஞ்சிபுரத்தில் பட்டுத்தறிகளுக்கு ஜக்கார்டு அட்டை குத்துவது என் தொழில். அட்டையில் ஓட்டை விழுந்த இடத்தில் இழை எழும். சேலையில் பூ விழும். ஜோஹராவின் பெட்டிக்கும் அட்டைதான். கைப்பிடியைச் சுற்றினால் அட்டை நகரும், ஓட்டை வழியாகக் காற்று போய்க் குழல் ஊதும். மூன்று வருடமாக ஆட்டுத்தோல் ஒட்டி, குழல் துடைத்து, அவளே அதைச் சரிசெய்தாள். அட்டைகளைக் கரையான் தின்றுவிட்டதால் அது பாடி அவள் கேட்டதே இல்லை.

அவள் அண்ணன் கலீமுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ஓட்டல்காரர் அதை வரவேற்பறையில் அழகுக்கு வைக்கக் கேட்டிருந்தார்.

"முழுசா ஒரு பாட்டு பாடட்டும், வீட்லயே இருக்கட்டும். நடுவுல நின்னுச்சுன்னா நாளைக்கு வண்டி வரும்" என்றார் கலீம்.

"நிக்காது பாய்ஜான். வாயைக் கழுவிக்கினு வந்து கேளுங்க."

அப்போது கோயம்புத்தூர் கலியாணசுந்தரம் கையில் ஒரு கட்டோடு வந்தார். அதே மாதிரிப் பெட்டியும், கரையான் தின்ற அதே பாட்டின் அட்டைகளும் அவரிடம் இருந்தன. அவர் ஜோஹராவின் போனுக்கு அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் நான் புது அட்டைகள் குத்தினேன்.

"மன்னிச்சுக்கோணும் அம்மணி. பாதிக்குப் படம் அனுப்புனேன், மீதிய அனுப்பறதுக்குள்ள போன் தொட்டித் தண்ணியில விழுந்துருச்சுங்க. அதான் அட்டையவே கொண்டாந்துட்டேன்."

ஜோஹரா என் பக்கம் திரும்பினாள். "மீதிய உங்களுக்கு நேரா அனுப்பிட்டார்னு நெனச்சேனே. அப்ப என்னத்தண்ணா குத்துனீங்க?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "இது பாதின்னு நீதானேம்மா சொன்ன? மீதியும் அதானே?"

எங்கள் தொழிலில் முழுப் பூவுக்கு யாரும் அட்டை குத்துவதில்லை. பாதிக்குத்தான் குத்துவோம். உச்சிக்கு வந்ததும் தறிக்காரர் அதே அட்டைகளைப் பின்னோக்கி ஓட்டுவார். மறுபாதி தானாக விழும். இந்தப் பெட்டி பின்னோக்கி ஓடாது என்று தெரிந்ததால், அறுபது அட்டைகளையும் தலைகீழ் வரிசையில் இன்னொரு முறை குத்திக் கோத்திருந்தேன். பாட்டு பூ இல்லை என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

"பாட்டென்ன ஜமக்காளமாங்க?" என்று சிரித்தார் கலியாணசுந்தரம்.

"பாதியிலயே நிறுத்திடு" என்றார் கலீம். "ஊர் முன்னாடி அது கத்துறதைக் கேக்கணுமா?"

கலியாணசுந்தரத்தின் கட்டைப் பிரித்துக் கோக்க நேரமில்லை; ஒலிபெருக்கி ஜோஹராவின் பெயரைச் சொன்னது. அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். நேராகப் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள்.

பாட்டு தரையோடு தொடங்கி, மூச்சு வாங்கி, மேலே மேலே ஏறியது. அறுபதாவது அட்டையின் முடிச்சு நெருங்கியபோது அவள் தோள் தயங்கியது. கை நிற்கவில்லை. உச்சியின் கடைசிச் சுரம் தன் மறுபாதியோடு சேர்ந்து இரண்டு மடங்கு நீண்டது. பிறகு, ஏறிய சுரங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. எதுவும் கோணவில்லை. தெரு முனையில் நம்மைக் கடந்து போனவர்கள் இப்போது முகம் காட்டித் திரும்பி வருவதுபோல இருந்தது. யாரோ கிராமபோன் ஊசியைத் தூக்கினார்கள். பக்கத்திலும் தூக்கினார்கள். ஓடுதளம் முழுவதும் அந்தக் குழல்கள் மட்டும். இதை என் கை செய்தது என்று நம்ப முடியவில்லை.

தொடங்கிய சுரத்திலேயே வந்து முடிந்தது. ஏரிப்பக்கம் காற்று மட்டும் அடித்தது.

"நாப்பது வருசமா கேக்கற பாட்டுங்க" என்றார் கலியாணசுந்தரம், மிக மெதுவாக. "இத நான் கேட்டதில்லைங்க."

கலீம் அவரிடம் கேட்டார். "இது முழுப் பாட்டா, சார்?"

அவர் தான் கொண்டுவந்த கட்டைத் திரும்ப இறுக்கிக் கட்டினார். கலீம் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடுதளத்தில் தனியே நடந்தார். பேசியது கேட்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று அசைந்த அவர் கை மட்டும் தெரிந்தது.

ஜோஹரா கைப்பிடியை விடவில்லை.

"இன்னொரு வாட்டி, அண்ணா."

நான் குனிந்து அட்டைகளை முதலிலிருந்து மடித்து வைத்தேன்.