காசு கொடுத்த விருந்தாளி

இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை என்பது பெரியவர் மக்காமேயின் கட்சி. ஒருவன் அடுத்தவன் வீட்டுக்கு வருகிறான், வந்ததும் பையைத் திறந்து காசை நீட்டுகிறான். வீட்டுக்காரனும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறான். அப்படி வாங்கியவன் வேறு யாருமில்லை, அவருடைய மகன் சிமாய்தான். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுக் கொசுவலை கட்டி, மொம்பாசாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு புருஷன் பெண்சாதியை அதில் வைத்திருந்தான். புருஷன் அத்மான் சாப்பிடுவான், தூங்குவான், கடலில் குளிப்பான், மறுபடி தூங்குவான். பெண்சாதி சௌமு அடுப்பங்கரையில் மருமகள் மீஸேயோடு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள்.

இதெல்லாம் மற்ற நாளில் நடந்திருந்தால் மக்காமே பொறுத்திருப்பார். ஆனால் அன்றைக்கு அவர்கள் ஊரான மகுண்டூச்சியில் வருஷப் பிறப்பு. அன்று வெளியூர் ஆள் ஒருவர் வந்து சாப்பிடாத வீட்டுக்கு அந்த வருஷம் விளங்காது. எப்போதும் வருகிற மச்சினன் பெம்பாத் தீவிலேயே காலைச் சுளுக்கிக்கொண்டு கிடக்கிறான். போன வருஷமும் அவன் வரவில்லை. அந்த மழைக்காலத்தில்தான் மீஸேயின் வயிற்றுப்பிள்ளை தங்காமல் போனது. இரண்டையும் சேர்த்து அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது அவளுக்கு மறுபடி நிறைமாதம்.

அதுதான் இரண்டு பேர் இருக்கிறார்களே என்றான் சிமாய். காசு கொடுத்தவன் விருந்தாளி இல்லை, குடிக்கூலிக்காரன் என்று சொல்லிவிட்டு மக்காமே மைதானத்துக்கு நடந்தார்.

அங்கே வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் வாழைமட்டையோடு திரண்டிருந்தன. வருஷம் முழுக்க மனசில் வைத்திருந்ததையெல்லாம் சொல்லிச் சொல்லி அடித்துக்கொள்ள வேண்டும்; முடிந்ததும் ஒருவர் மீது ஒருவருக்குக் கோபம் கூடாது. சுற்றிலும் பெண்கள் வண்ணத் துணிகளைப் போர்த்துக்கொண்டு, ஆண்களைக் கேலி செய்து பாடியபடி இடுப்பை அசைத்து நடந்தார்கள். நடுவில் சௌமுவும் இருந்தாள், எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டு. மக்காமே வடக்குத் தெரு வூவாயைத் தேடிப்பிடித்து, தன் வேலியைத் தின்ற அவனுடைய ஆட்டின் பேரில் தோளில் இரண்டு போட்டார். வூவாய் சிரித்துக்கொண்டே திருப்பிப் போட்டான்.

"என் வீட்டுல விருந்தாளிக்கு உக்கார இடமில்ல. உன் வீட்டுல வாடகைக்காரங்கதானாமே? சோறு போட்டு ரசீதும் குடுப்பியா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. மக்காமே மட்டையைக் கீழே போட்டார். சௌமு மட்டும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். அவமானப்பட்டுவிட்டாள் போலிருக்கிறது, படட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அவர் ஆள் பிடிக்கக் கிளம்பினார். நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியாரைக் கையைப் பிடித்து இழுத்தார். மூன்று வீட்டில் தின்றாயிற்று, நாலாவதற்கு வயிற்றில் இடமில்லை என்று அவர் கும்பிடாத குறையாகக் கழன்றுகொண்டார். ஐஸ் விற்க வந்தவன் வருகிறேன் என்றான். அவன் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது சந்தேகமாக இருக்கவே மக்காமேயே வேண்டாம் என்றுவிட்டார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால், சௌமு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே வருகிறாள். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கிணற்றடி வரைக்கும் போனாள். பெட்டியை இறக்கினாள், முந்தானையை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள், திரும்பி நடந்து வந்து மூடாத கதவுக்கு வெளியே நின்றாள்.

"ஹோதி! வீட்டுல யாருங்க? வெளியூரு. பசிக்குது."

உள்ளே மீஸே சிரிப்பை அடக்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வந்து உட்கார்ந்திருந்த மக்காமே அசையவில்லை.

"என் பையன் சொல்லிக் குடுத்தானா?"

"உங்க பையனுக்கு இவ்வளவு மூளையா இருக்கு, பெரியவரே? நான் அறையைக் காலி பண்ணிட்டேன்."

"உன் புருஷன்?"

"அவரு காசு குடுத்தவரு, தூங்கட்டும். நான்தான் விருந்தாளி."

"ராத்திரி எங்க படுப்பே?"

"உங்க மருமக பாயில. அவ புருஷன் எங்க படுப்பான்னு என்னைக் கேக்காதீங்க."

வாசலில் விருந்தாளி நின்று குரல் கொடுத்தால், உள்ளே கூப்பிடாமல் இருக்க அவருக்குத் தெரியாது. "கரிபு" என்றார், கடனே என்று.

பெரிய தட்டில் தேங்காய்ப்பால் சோறும் பேய்க்கணவாய்க் குழம்பும் வந்தன. மீஸேயும் சௌமுவும் ஒரே தட்டில் கைவைத்துத் தின்றார்கள். நல்ல துண்டுகளையெல்லாம் சௌமு மீஸேயின் பக்கமே தள்ளினாள். ஜன்னல் வழியே அத்மான் கலைந்த தலையை நீட்டி, தனக்குச் சாப்பாடு இல்லையா என்று கேட்டான்.

"காசு குடுத்தவங்களுக்கு அப்புறந்தான்" என்றாள் மீஸே. சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். சௌமுவின் எச்சில் கையை இழுத்து வயிற்றின் மீது வைத்து, "உதைக்குது பாருங்கக்கா" என்றாள்.

மக்காமே எழுந்து வெளியே நடந்தார். விருந்தாளி என்றால் தூரத்திலிருந்து வரவேண்டும்; இவள் கிணற்றடியிலிருந்து வந்தவள். இதெல்லாம் கணக்கில் சேருமா? யாரைக் கேட்பது? கேட்டாலும் எவன் உண்மையைச் சொல்கிறான்? வழியில் யாரோ டீ குடிக்கக் கூப்பிட்டார்கள், தலையை மட்டும் ஆட்டினார். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. நம்பாத முகத்தோடு அவர் ஈர மணலில் போய்க்கொண்டே இருந்தார்; ஒவ்வொரு அடி எடுத்ததும் பின்னால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி, வெயில் பட்டு மின்னியது.