இருபத்தொரு மாணவர்கள்

அந்த ஆசிரியை தன் கட்டுரையைக் கல்வி ஆய்விதழுக்கு அனுப்பிய செவ்வாய்க்கிழமையிலிருந்து, அதில் இடம்பெற்றிருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் வளர்வதை நிறுத்திக்கொண்டார்கள். ஆடிய பல் ஆடியபடியே இருந்தது. வெட்டிய நகம் மறுபடி வளரவில்லை. ஜோடி ஜோடியாகச் சத்தம்போட்டுப் படிக்கவைத்தால் திக்கித் திக்கி வாசிக்கிற பிள்ளைக்கும் வாசிப்பு வந்துவிடும் என்பதுதான் கட்டுரை. அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி ஆசிரியையின் சொந்த மகள். அதை அவள் எழுதவில்லை.

ஆய்விதழில் எழுதியவர் பெயரை மறைத்து, துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். அவர்கள் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. முதல் மதிப்பீட்டாளர் ஐந்து மாதத்தில் வெளியிடலாம் என்றார். இரண்டாமவர் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டு அட்டவணைகளைத் திருத்தச் சொன்னார். திருத்தி அனுப்பியதும் வேண்டாம் என்றார். இருவரும் ஒத்துப்போகாததால் இதழ்க்காரர்கள் மூன்றாவது ஆளைத் தேடினார்கள். கேட்ட ஒன்பது பேரும் கைவிரித்தார்கள். அதற்குள் தம்பி தங்கைகள் உயரத்தில் அண்ணன் அக்காக்களைத் தாண்டிப் போயிருந்தார்கள். டாக்டர்கள் எடை பார்த்துப் பார்த்து அலுத்துப்போனார்கள். சோதனை வாரத்தில் காய்ச்சலில் கிடந்து கணக்கில் சேராமல் போன ஒரு பையன் மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்ததில், காரணம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. யாரும் சண்டைக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் அவர்களை அதே பெஞ்சிலேயே வைத்துக்கொண்டது.

நான்காம் வருடம் மூன்றாவது மதிப்பீட்டாளர் கிடைத்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பங்கேற்றவர்களில் யாராவது ஆய்வாளருக்கு உறவா? ஆசிரியை மத்தியானம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஆமென்று எழுதி, அட்டவணையில் மகளுக்குரிய பதினான்காம் வரிசையை அழித்துவிட்டு, சராசரியைத் திரும்பப் போட்டாள். பெரிதாக எதுவும் மாறவில்லை. அந்த வாரமே மகளுக்குப் பல் விழுந்தது. அடுத்த மாதம் செருப்பு பத்தவில்லை.

சீருடை தைக்கிற தையல்காரம்மா அதைக் கவனித்தாள். அவளுடைய மகனும் அந்த வகுப்புதான்.

"டீச்சர், என் பையனையும் எடுத்துடுங்களேன்."

"காரணம் கேப்பாங்கம்மா. அவன் எனக்குச் சொந்தம் இல்லையே."

"மொத்தக் கட்டுரையையும் திருப்பி வாங்கிட்டா?"

"இதழ்ல கேட்டுப் பாத்தேன். அப்ப என்ன ஆகும்னு அவங்களுக்கும் தெரியல. முடிவே வராம பிள்ளைங்க அப்படியே நின்னுட்டாங்கன்னா?"

தையல்காரம்மா கழுத்தில் கிடந்த டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "சரி டீச்சர்" என்று கிளம்பினாள். ஆசிரியைக்கு அழுகை வருமென்று தோன்றியது. வரவில்லை. விடைத்தாள்களைத் திருத்த எடுத்தாள்.

இன்னும் இரண்டு வருடம் கழித்து, ஒரு காற்புள்ளியை மாற்றும்படி சொல்லிவிட்டுக் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். இருபத்தொரு பேரும் விட்ட இடத்திலிருந்து வளர ஆரம்பித்தார்கள். பள்ளி அலுவலகம் ஒரே நாளில் எல்லோருடைய பிறந்த வருடத்தையும் திருத்தியது.

இதழ் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் மகள் அதைப் புரட்டினாள். அவள் இப்போது நாலாம் வகுப்பு.

"அம்மா, இதுல நான் இல்லையே?"

"உன்னை எடுத்துட்டேன்."

"என்னை மட்டுமா?"

"ஆமா."

மகள் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த கட்டுரை வேறு யாரோ எழுதியது. நாற்பது பிள்ளைகளைப் பற்றியது.

"இந்த நாப்பது பேரும் இனிமே வளருவாங்கல்ல?"

"வளருவாங்க" என்றாள் அம்மா.