இரண்டே நட்சத்திரம்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த அலாரக்காரருக்கு அன்று வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தொண்டைக்குள் குழாய் விடக் கூடாது. கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டுவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து டாக்டரம்மா எண்டோஸ்கோப்பி எண்டோஸ்கோப்பி என்று பிடிவாதம் பிடித்தார். இவரோ அடுத்த ரத்தப் பரிசோதனை வரட்டும் என்று நழுவிக்கொண்டே இருந்தார். இப்போது முடிவு வந்துவிட்டது. வந்த அழகைப் பார்த்து, குழாயை ரத்து செய்துவிடலாம் என்றே கிளம்பியிருந்தார்.

கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணி மாட்டிப் பராமரிப்பது அவர் தொழில். ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. சர்க்கரையும் கொழுப்பும் கூட்டுச் சேர்ந்து செய்த வேலை இது. ஆனாலும் கல்லீரல் என்று சொன்னதுமே எதிராளி முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதற்குப் பதில் சொல்லியே பாதி ஆயுள் போயிற்று.

பக்கத்து நாற்காலியில் மச்சான், மனைவியின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கும் கல்லீரல்தான், பிறக்கும்போதே ஒட்டிக்கொண்ட கிருமி. ஒரே டாக்டர், ஒரே ஆய்வகம், ஒரே நாளில் ஊசி. கல்யாணப் பந்தியிலிருந்தே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத இருவரும் ரத்தம் கொடுப்பதையும் போட்டியாக்கிவிட்டார்கள். அளவு தவறிய எண்ணுக்குப் பக்கத்தில் ஆய்வகம் ஒரு நட்சத்திரம் போடும். யாருக்கு நட்சத்திரம் குறைவோ, அவர் வாயை அடுத்த பரிசோதனை வரைக்கும் மூட முடியாது.

இந்தத் தடவை மச்சானுக்கு ஐந்து. அலாரக்காரருக்கு இரண்டே இரண்டு. போன வருஷம் நூறைத் தாண்டி நின்ற எஸ்.ஜி.பி.டி. முப்பத்துநாலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"மச்சான், உங்க ரிப்போர்ட்டைக் கொஞ்சம் மடிச்சு வைங்க. கண்ணு கூசுது."

"கடைக்கு வாங்க மாப்ள, கறுப்புக் கண்ணாடி தர்றேன்" என்றார் மச்சான். குரலில் சுரத்தில்லை.

உள்ளே டாக்டரம்மா முதலில் மச்சானுடையதைப் பார்த்தார். கிருமி கொஞ்சம் துள்ளுகிறது, அதனால் கல்லீரலில் வீக்கம். ஆனால் கல்லீரல் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, மாத்திரையை விடாமல் போட்டால் எண்கள் இறங்கிவிடும் என்றார். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அலாரக்காரரின் தாளை மட்டும் டாக்டரம்மா இறக்கி வைக்கவேயில்லை. இவர் பொறுக்க மாட்டாமல், எல்லாம் நார்மலாகிவிட்டதால் எண்டோஸ்கோப்பி இனித் தேவையிருக்காதே என்று ஆரம்பித்தார்.

எந்த இரண்டுக்கு நட்சத்திரம் என்று பார்த்தீர்களா என்று கேட்டார் டாக்டரம்மா. இவர் எண்ணியதோடு சரி, படிக்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எஸ்.ஜி.பி.டி. என்பது அடிபட்ட கல்லீரல் செல்லிலிருந்து ரத்தத்தில் கசிவது. தழும்பேறிய கல்லீரலில் கசிவதற்கே செல் குறைந்துபோனால், அந்த எண் தானாக இறங்கிவிடும். அதை வைத்து நோய் குறைந்தது என்று சொல்ல முடியாது. கல்லீரல் தயாரித்துக் கொடுக்கிற ஆல்புமின் இறங்கியிருக்கிறது. ரத்தத் தட்டணுக்களும் பாதியாகியிருக்கின்றன. கெட்டிப்பட்ட கல்லீரலுக்குள் ரத்தம் புக முடியாமல் பின்வாங்குகிறது, மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதே அழுத்தத்தில் உணவுக்குழாயின் ரத்த நாளங்களும் புடைத்திருக்கலாம். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதைப் பார்க்கத்தான் குழாய்.

வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அலாரக்காரர் கூரையைப் பார்ப்பார்; தொழில் பழக்கம். அங்கே புகை கண்டால் கத்துகிற ஒரு ஸ்மோக் டிடெக்டர். அதன் தலையில் மஞ்சள் பிளாஸ்டிக் மூடி.

"ரூமுக்குப் பெயின்ட் எப்ப அடிச்சீங்க டாக்டர்?"

"போன வருஷம். ஏன்?"

"தூசி படாம இருக்கப் போட்ட மூடியை யாரும் கழட்டலை."

டாக்டரம்மா அண்ணாந்து பார்த்தார். "அப்படியா? அது இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் குடுத்ததில்லையே."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அலாரக்காரர் எத்தனையோ மேனேஜர்களை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார். சத்தம் வரவில்லை என்று சந்தோஷப்படாதே, ஏன் வரவில்லை என்று பார் என்று தொடங்குகிற திட்டு, மனப்பாடம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கண் மேஜையிலிருந்த முப்பத்துநாலில் போய் விழுந்தது. திட்டு பாதி வழியில் நின்றுவிட்டது.

"எண்டோஸ்கோப்பி எப்ப வெச்சுக்கலாம்?" என்றார், வேறு யாரோ பேசுவதுபோன்ற குரலில்.

மச்சான் இருமுவதுபோல் சிரித்தார்.

அந்த வாரமே குழாய் உள்ளே போயிற்று. மூன்று ரத்த நாளங்கள் விரல் கனத்துக்குப் புடைத்திருந்தன. ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டோம், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டரம்மா.

துணைக்கு வந்திருந்த மச்சான் வழியெல்லாம் கிண்டலாகச் சேர்த்து வைத்திருந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. போர்வையை இழுத்துவிட்டு, தாழ்ந்த குரலில், "வலிக்குதா மாப்ள?" என்று கேட்டார்.

மருந்தில் மரத்துப்போன தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. அலாரக்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பேச முடியாதா?"

முடியாது என்று அதற்கும் தலையாட்டல்.

மச்சான் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, கல்யாணப் பந்தியில் நடந்ததிலிருந்து ஆரம்பித்தார்.