பூட்டுக்காரர் வீட்டு நீலப் புள்ளி

பூட்டுக்காரரின் ஃபோனில் அப்டேட் போட்டது அவர் மனைவிதான். புதிய மென்பொருள் தயார், தயார் என்று அது ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தது. அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் சம்மதம் என்று அழுத்தினாள். தொடர்ந்து அது கேட்ட கேள்விகளுக்கும் வரிசையாகச் சம்மதம் சொன்னாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது ஃபோன் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது.

மறுநாளிலிருந்து பகல் இரண்டு மணிக்கெல்லாம் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோயிற்று.

வேறு சமயமாக இருந்தால் அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஆனால் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். இதற்கு முன் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. இரண்டாவது முறை, "ஒரு அரைமணி முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த முடிக்காத பேச்சை இருவரும் மறக்கவில்லை. இந்த முறை டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: வலி என்று தோன்றினால் யோசிக்காமல் வந்துவிட வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து சேரும் அழகைப் போன தடவையே பார்த்தாகிவிட்டது. பூட்டுக்காரரிடம் வேன் இருந்தது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் அவரை ஃபோனில் கூப்பிடுவதுதான்.

அந்தப் புதன்கிழமை அவர் ஒரு அலுவலகத்தில் இரும்பு அலமாரி திறக்கப் போயிருந்தார். மாலையில் வீடு திரும்பியபோது அவள் பையைக் கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஆறு தடவை கூப்பிட்டேங்க. ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்னு ஒருத்தி சொல்லிட்டே இருந்தா."

"வலியா?"

"வந்துச்சு. நீங்க வரலன்னதும் கோவிச்சுட்டு அதுவே போயிடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவர் குனிந்து அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

மறுநாளே ஒரு பவர் பேங்க் வாங்கினார். அதை மாட்டியதும் சட்டைப் பையில் ஃபோன் நெருப்பாகச் சுட்டு, தானே அணைந்தது. பரணில் கிடந்த பழைய பட்டன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. கடைசியில் மைத்துனனைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஆறடி மூன்று அங்குல உயரம் என்பதால் ஊருக்கெல்லாம் அவன் டவர்.

"புதுசு எதுவும் வாங்கிடாதீங்க மாமா," என்றான் டவர். "ஞாயித்துக்கிழமை வரேன். ஜெயில்பிரேக் பண்ணிடலாம்."

ஞாயிறு மதியம் லேப்டாப்பும் வயர்களுமாக வந்து சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"ஜெயில்பிரேக்னா என்ன மச்சான்? நான் எல்லா பூட்டும் திறந்திருக்கேன், ஜெயில் மட்டும் பாக்கி."

"கம்பெனிக்காரன் ஃபோனுக்குள்ள ஒரு பூட்டு போட்டு வெச்சிருக்கான் மாமா. அவன் கொடுக்கறதுதான் ஓடும். பழைய சாஃப்ட்வேர் நல்லா இருந்துச்சு, அதுவே போதும்னா விட மாட்டான். அந்தப் பூட்டை உடைச்சுட்டா நம்ம இஷ்டம். உங்க காசுல வாங்கின ஃபோன் இது. வீட்டை உங்களுக்கு வித்துட்டு ஒரு ரூம் சாவியை மட்டும் அவனே வெச்சுக்கிட்டா சும்மா இருப்பீங்களா?"

"இருக்க மாட்டேன். ஆனா அந்த ரூமை எதுக்குப் பூட்டினான்னு கேப்பேன்."

"திருடன் வராம இருக்கத்தான்னு சொல்றான்."

"நாம உடைச்சா வருவானா?"

"பாத்து சூதானமா இருந்தா வரமாட்டான். பாங்க் ஆப் மட்டும் முரண்டு பிடிக்கும்."

"சரி. வேணாம்னு தோணிச்சுன்னா மறுபடி பூட்ட முடியுமா?"

டவர் லேப்டாப்பை மூடித் திறந்தான். "எல்லா மாடல்லயும் முடியாது மாமா. நூத்துல அஞ்சு ஃபோன் பாதியிலயே நின்னுடும். வெறும் லோகோ காட்டிட்டு உக்காந்திருக்கும்."

பூட்டுக்காரர் இருபது வருடத் தொழிலில் இரண்டு பழக்கங்களை விட்டதில்லை. மறுபடி பூட்ட முடியாத எதையும் அவர் திறப்பதில்லை. கருவியைப் பையிலிருந்து எடுக்கும் முன் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்காமல் இருப்பதில்லை. பத்து வீட்டில் இரண்டு வீட்டிலாவது கதவு பூட்டியே இருக்காது. மழையில் ஊறி இறுகியிருக்கும், அல்லது பின்கதவு திறந்து கிடக்கும். பதற்றத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"உடைக்கறத அப்புறம் பேசலாம் மச்சான். கைப்பிடியத் திருப்பிப் பாத்தியா?"

"என்ன மாமா?"

"சார்ஜை எது தின்னுதுன்னு பாத்தியா?"

டவருக்குக் காது சிவந்தது. கடைக்கு வருகிறவர்கள் அப்டேட்டைத் திட்டிக்கொண்டே வருவார்கள். அவனும் கூடச் சேர்ந்து திட்டிவிட்டு வேலையை ஆரம்பிப்பது வழக்கம். இப்போது ஃபோனை வாங்கி, பேட்டரிக் கணக்கைத் திறந்தான். பட்டியலின் தலையில் ஒரே ஒரு ஆப் அறுபத்து மூன்று சதவீதத்தோடு உட்கார்ந்திருந்தது. இருக்கும் இடத்தைக் குடும்பத்தாருக்குக் காட்டும் ஆப் அது.

"மாமா, உங்கள யாரோ நாள் பூரா பாத்துட்டே இருக்காங்க. அவங்க பாக்கற ஒவ்வொரு தடவையும் இது 'நான் எங்க இருக்கேன்'னு தேடுது. அதுலயே சார்ஜ் போயிடுது."

சமையலறை வாசலில் டீ டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்தன.

"நான்தான்," என்றாள் மனைவி. "அப்டேட் போட்டப்ப, குடும்பத்துக்குக் காட்டவான்னு கேட்டுச்சு. நல்லதுதானேன்னு சரின்னு சொன்னேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைக்கா பாப்ப?"

"பாக்காத நேரத்தக் கேளுடா." அவள் தட்டைக் கீழே வைக்காமலே பேசினாள். "மேப்ல நீலமா ஒரு புள்ளி. அது கிட்ட வந்தா சாமிக்கு நன்றி சொல்லுவேன். தள்ளிப் போனா வேண்டிக்குவேன். ரெண்டு மணிக்கு அணைஞ்சிடும். அணைஞ்சப்புறம் இன்னும் பயமாயிடும். வருதா வருதான்னு பாத்துட்டே இருப்பேன். அது நான் பாத்துப் பாத்துதான் அணைஞ்சிருக்கு."

அவள் கண் நிறைந்துவிட்டது. பூட்டுக்காரர் எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டார்.

"நீ பாத்துப் போன உயிருதானே. அதைவிட நல்ல சாவு எந்த ஃபோனுக்குக் கிடைக்கும்?"

"சாவுப் பேச்சு எதுக்குங்க இந்த நேரத்துல!" என்று அவள் அதட்டினாள். அதட்டியதில் கொஞ்சம் தெளிந்தாள். ஃபோனை வாங்கி அந்த ஆப்பைத் தானே நிறுத்தினாள். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாதவள் போல முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பூட்டுக்காரர் அதைப் பார்த்தார். டவர் லேப்டாப்பைப் பையில் போட்டான்.

திங்கட்கிழமை ஃபோன் மாலைவரை தாங்கியது. ஆனாலும் பூட்டுக்காரர் அன்று புதிதாக ஒன்று செய்தார். வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்காத மனிதர், முதல் வீட்டு வாசலிலேயே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என் மனைவிக்கு உங்க நம்பரைக் கொடுக்கலாங்களா? நிறைமாசம். என் ஃபோன் கிடைக்கலன்னா மட்டும் கூப்பிடுவா."

அந்த வீட்டு அம்மா தன் நம்பரோடு பக்கத்து வீட்டு நம்பரையும் கொடுத்தார். அடுத்த வீட்டில் நாய் குரைப்பதை நிறுத்தும்வரை காத்திருந்து ஒருவர் இரண்டு முறை சொல்லிச் சரிபார்த்தார். ஒருவரும் மறுக்கவில்லை. மனைவி அவற்றையெல்லாம் ஆள் பேர் தெரியாமல் கதவு பேரில் பதிந்து வைத்தாள்: பச்சை கேட் அம்மா, நாய் வீடு, மூணாவது மாடி. புள்ளிக்காக வேண்டிக்கொண்டவள் இப்போது அவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரு பழைய அலுவலகத்தின் நிலவறையில் வேலை. ஆவண அறையின் கனத்த கதவு மாட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் பருத்த மனிதர். முகத்தில் சிரிப்பு கிடையாது.

"முன்பின் தெரியாதவங்களுக்கு நான் நம்பர் தர்றதில்ல," என்றார்.

"பரவாயில்லங்க சார்."

பத்து நிமிடம் கழித்து அவரே படியிறங்கி வந்து ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். "கீழ சிக்னல் வராது. அதான்." பூட்டுக்காரர் மேலே போய் நம்பரை அனுப்பிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார்.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. பூட்டின் உள்பாகங்களைத் துணியில் வரிசையாக அடுக்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஃபோனில் தொண்ணூற்றொரு சதவீதம் சார்ஜ் இருந்தது. சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யோவ், கிளம்பு! உங்க வீட்டம்மா கூப்பிட்டாங்க!"

பூட்டுக்காரர் எழுந்தார். திறந்த கதவையும் துணியில் கிடந்த பூட்டையும் பார்த்து நின்றார். இருபது வருடத்தில் ஒரு கதவையும் அவர் இப்படிப் போட்டுவிட்டுப் போனதில்லை.

"சார், கதவு..."

"நான் நிக்கறேன்யா! பூட்டுக்குப் பதிலா என்னை நினைச்சுக்கோ. போ!"

அவர் எட்டு நிமிடத்தில் வீட்டுக்குப் போனார். அவள் செருப்போடு கதவருகே இருந்தாள். மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "சரியான நேரத்துக்கு வந்தீங்க," என்றார் டாக்டர். இந்தத் தடவை முழுதாகவே சொன்னார். பூட்டுக்காரர் வராந்தா மூலையில் சுவரைப் பார்த்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். கைகூப்பியதில் விரல்களில் பூட்டெண்ணெய் வாசம் அடித்தது.

மறுநாள் காலை கதவைப் பூட்ட நிலவறைக்குப் போனார். திறந்த கதவுக்கு முன்னால் ஒரு மேசை கிடந்தது. மேனேஜர் அதில் உட்கார்ந்து காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நான். அப்புறம் வாட்ச்மேன். ஒரு பேப்பர்கூடக் காணாமப் போகல," என்றவர் தலையை நிமிர்த்தினார். "என்ன குழந்தை?"

"பொண்ணு சார். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"அப்ப மேல வா, டீ குடிச்சுட்டுப் பூட்டு."

மேலே போனதும் மனைவியைக் கூப்பிட்டார். ஸ்விட்ச் ஆஃப் என்றது அந்தக் குரல். மறுபடி அழைத்தார், அதே குரல். ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்த டவரைக் கூப்பிட்டார்.

"ஒண்ணும் இல்ல மாமா, பதறாதீங்க," என்று டவர் சிரித்தான். "காலையிலேர்ந்து பச்சை கேட், பச்சை கேட்டுக்குப் பக்கத்து வீடு, மூணாவது மாடின்னு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு என்ன குழந்தைன்னு கேக்கறாங்க. நாய் வீட்டுக்காரர் மட்டும் பத்து நிமிஷம் பேசினார். அக்கா ஃபோன்ல சார்ஜ் தீந்துடுச்சு."

பூட்டுக்காரர் டீயை மெதுவாகக் குடித்தார். பிறகு கீழே போய், துணியில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து, கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டியபின் கைப்பிடியை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.